செவ்வாய்க்கிழமை விரதக்காரி

வசந்தாமணி பேசி முடித்து எப்போதோ போனை வைத்தாகிவிட்டது. கமலவேணிதான் இன்னும் அதைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு கிரைண்டருக்கு முன்னால் நின்றிருந்தாள். உள்ளே உளுந்து சுற்றிக்கொண்டிருந்தது, கூடவே அவள் மனசும். 'பெருந்துறையில பஸ் ஏறிட்டேனுங்க அம்மிணி, தனியாத்தான் வர்றேன், ஒரு பேச்சு இருக்குது, போன்ல சொல்ற பேச்சில்ல.' போன்ல சொல்ற பேச்சில்ல என்றால் என்ன அர்த்தம்? நல்ல சேதியென்றால் போனிலேயே சொல்லிச் சிரித்திருக்க மாட்டார்களா? வேண்டாம் என்பதையும் போனில்தானே சொல்வார்கள், முகத்தைப் பார்த்து வேண்டாமென்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? வசந்தாமணிக்கு வரும். அந்தம்மாள் அந்த மாதிரி. மரியாதை தெரிந்தவள். வீடு தேடி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, 'மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க' என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். அவளுடைய மகன் நவநீத்தைத்தான் கட்டுவேன் என்று கமலவேணியின் ஒரே மகள் சிந்துஜா நிற்கிறாள். கோயம்புத்தூரில் இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். எல்லாம் கூடி வருகிற மாதிரிதான் இருந்தது, கமலவேணி தன் வாயைத் திறந்து அந்த ஒரு பொய்யைச் சொல்கிற வரைக்கும். தெரிந்துபோய்விட்டது, அவ்வளவுதான், வேறென்ன. அவள் போனை மாவு படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, கிரைண்டருக்குள் ஒரு கை தண்ணீர் தெளித்தாள்.

வயிறு காலியாக இருந்தது. இப்போதெல்லாம் காலி வயிறு அவளைப் படுத்துவதில்லை, அதுதான் ஆச்சரியம். பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தது இந்தச் சாப்பாட்டு முறை. அரிசி இல்லை, கோதுமை இல்லை, சர்க்கரை என்ற பேச்சே இல்லை. முட்டை, பன்னீர், தேங்காய், நெய், கீரை, கறி. அதுவும் நினைத்த நேரத்தில் இல்லை, பகல் ஒரு மணிக்குக் கடை திறந்து ராத்திரி ஏழு மணிக்குச் சாத்திவிட வேண்டும், மற்ற நேரமெல்லாம் தண்ணீரும் பாலில்லாத காப்பியும். கீட்டோ என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது ஏதோ ஜப்பான்காரன் பெயரைச் சொல்கிறார் என்றுதான் கமலவேணி நினைத்தாள். 'ஒண்ணு ஊசிக்குப் போகணும், இல்ல மூணு மாசம் நான் சொல்றபடி சாப்பிட்டுப் பாக்கணும், மாத்திரைய நானே பாத்துப் பாத்துக் குறைக்கறேன், நீங்களாக் கையை வைக்கக் கூடாது' என்றார். முதல் வாரம் செத்தே போய்விடுவோம் என்று இருந்தது. தலைவலி, வாயில் இரும்பைச் சப்பிய ருசி, ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொண்டு உயிர் போனது. உப்புப் போட்ட தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், கண்ணை மூடினால் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு வரும். சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு, மேலே நெய் ஊற்றி, ஆவி பறக்க. மனுசி புருசனைக் கனவில் காணலாம், பிள்ளையைக் காணலாம், சோற்றைக் கண்டு அழுதவள் தானாகத்தான் இருப்பாள். பிறகு ஒருநாள் காலையில் எழுந்து பாத்ரூமுக்கு நடக்கும்போதுதான் என்னமோ குறைகிறதே என்று நின்றாள். பாதத்தில் எரிச்சல் இல்லை. வருசக்கணக்காக உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிந்துகொண்டிருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. அவள் அப்படியே குளிர்ந்த தரையில் பாதத்தை அழுத்தி அழுத்தி வைத்துப் பார்த்தாள். அழுகை வந்தது. இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் ஒரு ஆசுவாசம் வருகிறது, பெரிய பாரத்தை யாரோ கைமாற்றி வாங்கிக்கொண்ட ஆசுவாசம். போன வாரம் டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, 'ஊசிக்கு இப்ப அவசியமில்ல' என்றார். அந்தச் சந்தோசத்தைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அல்லவா கிடக்கிறாள்.

அதுவும் அவள் பிழைப்பே மாவு. காலையிலும் சாயங்காலத்திலும் தெருக்காரர்கள் பாத்திரத்தோடு வந்து நிற்கிறார்கள். கமலாக்கா மாவு என்றால் சூரம்பட்டியில் பாதிப் பேருக்குத் தெரியும், அவள் கை பட்டுக் கரைத்த மாவு விடிவதற்குள் பொங்கிவிடும், சூட்டுக் கை. ஊருக்கெல்லாம் இட்லி மாவு அரைத்துக் கொடுத்துவிட்டு அதில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைக்கக்கூடாதவள். உப்புப் பார்க்கக்கூட வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. சென்னியப்பன், பாவம், நல்ல மனுசர். ஆரம்பத்தில் அவள் முன்னால் உட்கார்ந்து இட்லி தின்ன மனம் வராமல் தட்டைத் தூக்கிக்கொண்டு பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவிடுக்கு வழியாகச் சட்னி வாசம் வந்தது. 'ஏனுங்க, திருட்டுத்தனமா எதுக்குத் திங்கறீங்க, இப்பிடி வந்து உக்காந்து தின்னுங்க, நான் பாத்தாவது பசியாறிக்கறேன்' என்று அவள் கத்த, அவர் சட்னி ஒழுகிய கையோடு வெளியே வந்து நின்ற கோலம் இருக்கிறதே. அவரிடம்தான் அன்றைக்கு வசந்தாமணி வீட்டுக்கு வண்டியில் போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள். சர்க்கரைப் பேச்சை எடுக்காதீங்க, மாத்திரைப் பேச்சை எடுக்காதீங்க, டாக்டர்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. 'இதுல என்ன புள்ள இருக்குது, ஊர்ல யாருக்கு இல்ல' என்றார். அவருக்கு எல்லாமே இதுல என்ன இருக்குதுதான். கோபியில் அவள் அக்கா ஜோதிமணியின் வீட்டில் நடந்ததை அவரும் கூடவே இருந்துதான் பார்த்தார், ஆனால் மறந்துவிட்டார். ஆம்பளைகளுக்கு மறந்துவிடுகிறது.

அக்காவுக்கும் இதே சர்க்கரைதான், முதலில் கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம். செருப்புக் கடித்தது என்று மஞ்சளை வைத்துக் கட்டினாள். அடுத்து விரல் போயிற்று, அடுத்து பாதம். பாதம் போன கையோடு அவள் மகளைப் பார்க்க வந்தவர்கள், பெண்ணையும் பார்த்து, வாசலில் சாத்தியிருந்த ஊன்றுகோலையும் பார்த்தார்கள். சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார்கள். பிறகு தரகர் வந்து, 'தாய்க்கு இருக்கறது பொண்ணுக்கு வராம எங்கீங்க போகும், அவிய அப்பிடி நெனைக்கறாங்க' என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து யார் வந்தாலும் அக்கா தானாகவே உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் கல்யாணப் பேச்சு முடிகிற வரைக்கும் தாய் தன் வீட்டில் தானே ஒளிந்துகிடந்தாள், முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கமலவேணி நாக்கை அடக்கியது, வயிற்றைக் கட்டியது, எல்லாம் அந்த உள் ரூமுக்குப் பயந்துதான். உயிருக்குப் பயந்து என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார், நினைத்துக்கொள்ளட்டும். கிரைண்டரை அமர்த்தினாள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது, அந்த அமைதியில் பஸ் எங்கே வந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்து நின்றது.

அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகாமலிருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. செவ்வாய்க்கிழமை, ஆனால் கவர்மென்ட் லீவு, சிந்துஜாவும் நவநீத்தும் ஊருக்கு வந்திருந்தார்கள். 'பேச்செல்லாம் நல்ல நாள்ல பேசிக்கலாமுங்க, சும்மா வந்து ஊட்டப் பாத்துட்டுப் போங்க' என்று வசந்தாமணி கூப்பிட்டாள், காலையிலேயே போய் உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் போன வேகத்தில் பெரிய மனுசராகி, 'பசங்களுக்குப் புடிச்சுப் போச்சு, அப்பறம் ஜாதகமெல்லாம் எதுக்குங்க, நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல' என்று காலை நீட்டிக்கொண்டார். அவர்களும் சந்தோசமாகத் தலையாட்டினார்கள். அப்புறம் வசந்தாமணி தட்டோடு வந்தாள். ஒப்புட்டு. பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்துக் கையால் தட்டிய ஒப்புட்டு, நடுவில் குழித்து நெய் விட்டு, ஏலக்காய் வாசம் கூடமெல்லாம் நிறைந்தது. கமலவேணியின் வாயில் ஊறிய எச்சிலை அவளே விழுங்கினாள். 'எனக்கு வேண்டாமுங்க்கா.' 'ஒண்ணே ஒண்ணு.' 'இல்லீங்க.' 'காப்பியாச்சும்?' கூடத்தில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சிந்துஜா பார்த்தாள், சொல்லீரும்மா என்று கண்ணாலேயே சொன்னாள். சொல்லியிருக்கலாம். 'எனக்குச் சக்கரை இருக்குதுங்க, ஒரு மணிக்கு மேலதான் சாப்புடுவேன்.' என்ன குடி முழுகிப்போயிருக்கும்? ஆனால் கமலவேணியின் கண்ணில் ஜோதிமணியின் ஊன்றுகோல்தான் நின்றது. வாய் தானாகச் சொல்லிற்று. 'இன்னைக்குச் செவ்வாக்கெழம விரதமுங்க. ஒரு மணி வரைக்கும் பச்சத்தண்ணிதான்.' வசந்தாமணி தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். 'அப்பிடீங்களா. ரொம்ப வருசமாப் புடிக்கறீங்களா?' அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஒரு பொய்க்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று இன்னொன்றை எடுத்து வைத்தாள். 'இல்லீங்க, புள்ளைக்கு வரன் பாக்க ஆரம்பிச்சதுல இருந்துதான்.' என்ன சாமர்த்தியமான பதில் என்று வண்டியில் திரும்பி வரும்போது தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள். ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து முட்டையை உடைத்து ஊற்றும்போதுகூட மெச்சிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து மூச்சு இல்லை. அடுத்த நல்ல நாளில் கூப்பிடுகிறோம் என்றவர்கள், நல்ல நாளும் வந்து போயிற்று. 'எங்கம்மா கொஞ்சம் டைம் கேக்கறாங்க' என்று மட்டும் நவநீத் சொன்னானாம். சிந்துஜா போனில் கத்தவில்லை, அழவில்லை, அதுதான் இன்னும் பயம். 'நீ சொல்லீருக்கலாம்மா' என்றாள். அதற்குப் பிறகு அம்மாவின் போனுக்குச் சரி, ம், வைக்கட்டுமா என்ற மூன்று சொல்தான். தெரிந்துபோய்விட்டது. எப்படித் தெரிந்தது? அந்தப் பச்சைச் சேலைக்காரி. போன வாரம் ரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தபோது எதிர் நாற்காலியில் இருந்தாள், பெருந்துறைப் பக்கத்து ஜாடை, கமலவேணியை ஏற இறங்கப் பார்த்தாள், நீங்க சூரம்பட்டிங்களா என்று கேட்டாள். அவள் வசந்தாமணிக்குச் சொந்தமாக இருக்கும். நாத்தனாராகக்கூட இருக்கும். இல்லாவிட்டால் எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்? அவள் கேட்டது மாவுக்காகவும் இருக்கலாம், மாவுக்காரம்மாவை யாருக்குத்தான் தெரியாது. ஆனால் பச்சைச் சேலை. அந்தப் பார்வை. கமலவேணி முட்டைக்கோசை எடுத்து மெல்லிசாக அரிய ஆரம்பித்தாள், அரிய அரியப் பதில்களை ஒத்திகை பார்த்தாள். அது எங்க அக்காவுக்காகப் போனதுங்க. இல்லை, அக்கா பேச்சையே எடுக்கக் கூடாது. சும்மா செக்கப்புங்க, வயசாச்சில்லீங்களா. இல்லை, செக்கப் என்றால் ரிசல்ட் என்ன என்று கேட்பாள். எந்தப் பதிலைப் பிடித்தாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பொய் வந்தது. புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். தலை லேசாக இருந்தது, ஆனால் கிறுகிறுப்பு இல்லை, தெளிவாகத்தான் இருந்தது. இந்தச் சாப்பாட்டுக்கு வந்த பிறகு புத்தி வேண்டாத அளவுக்குத் தெளிவாகிவிட்டது, முன்பென்றால் இந்நேரம் மந்தமாகக் கண்ணைச் சொக்கிக்கொண்டு கவலைகூடப் பாதிதான் படத் தெரியும். இப்போது முழுசாகப் படுகிறாள். நெய்யில் கடுகைப் போட்டாள், வெடித்தது, அதே நேரத்தில் வாசலில் கேட் திறந்தது.

வசந்தாமணி படியேறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிசம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கையில் பழப் பை எதுவும் இல்லை, நல்ல காரியத்துக்கு வருகிறவள் வெறுங்கையோடா வருவாள், கமலவேணி முதலில் அதைத்தான் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, 'வாங்க்கா, வாங்க, உக்காருங்க' என்று மின்விசிறியைப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வசந்தாமணி சொம்போடு அண்ணாந்து முழுசாகக் குடித்தாள், மேல்மூச்சு வாங்கிச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். 'ஏனுங்க அம்மிணி, சுத்தி வளச்சுப் பேசத் தெரியாது எனக்கு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லீருங்க.' வந்துவிட்டது. கமலவேணியின் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. பச்சைச் சேலை, ஊன்றுகோல், சுண்டுவிரல் கொப்புளம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. 'கேளுங்க்கா' என்றாள், குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. வசந்தாமணி குனிந்து தன் வளையலைத் திருகிக்கொண்டே, 'பொண்ணுக்குச் செவ்வாய் தோசம் இருக்குதுங்களா?' என்று கேட்டாள்.

என்ன கேட்டாள் இவள்? கமலவேணிக்குப் புரியவே இல்லை. செவ்வாய் தோசமா? சர்க்கரை எங்கே போயிற்று? 'யாருக்குங்க?' என்று முட்டாள் மாதிரி கேட்டாள். 'நம்ம சிந்துவுக்குத்தானுங்க. நீங்க அன்னைக்குச் செவ்வாக்கெழம விரதம்னு சொன்னீங்க. புள்ளைக்கு வரன் பாக்க ஆரம்பிச்சதுல இருந்துன்னும் சொன்னீங்க. வேறெதுக்குப் புடிப்பாங்க அந்த விரதத்த? உங்க வீட்டுக்காரரும் ஜாதகம் வேண்டாமுங்கன்னு அத்தன உறுதியாச் சொன்னாரு. என்ற வீட்டுக்காரர் அன்னைக்கு ராத்திரியே சொல்லீட்டாரு, இது தோச ஜாதகம், மறைக்கறாங்கன்னு. அவரு அண்ணன் அதுக்கு மேல, மாப்பள உசுருக்கே ஆகாதுங்கறாரு.' சிந்துஜாவின் ஜாதகம் பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கிறது, சுத்தமான ஜாதகம், செவ்வாய் சமர்த்தாக இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் ஒரு குளிர்ந்த காற்று ஓடிய மாதிரி இருந்தது. இவர்களுக்குச் சர்க்கரை தெரியாது! பச்சைச் சேலைக்காரி யாரோ, மாவு வாங்குகிறவளாகத்தான் இருக்கும். எழுந்து போய் ஜாதகத்தை எடுத்து மடியில் போட்டால் போதும், தோசமுமில்லை ஒன்றுமில்லை, நான் சும்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டேன் என்று சிரித்துவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரி. பொய்யும் பொய்யாகவே பத்திரமாக இருந்துவிடும். பிறகென்ன, அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு விரதம், தீபாவளிக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று, பேரன் பிறந்தால் தொட்டிலுக்கு ஒன்று. அவள் எழுந்துவிட்டாள். 'ஜாதகம் இருக்குதுங்க்கா, எடுத்துட்டு வர்றேன்' என்று பெட்ரூம் கதவு வரைக்கும் போய்விட்டாள்.

பின்னாலிருந்து வசந்தாமணி, 'அதெல்லாம் எடுக்காதீங்க' என்றாள். 'நான் ஜாதகம் பாக்க வரலீங்க. இருந்தா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். பரிகாரம் பண்ணிக்கலாம். எனக்குச் சிந்துவப் புடிச்சிருக்குது, எம்பையனுக்கும் அவள உட்டா வேற கதியில்ல. அதான் நானும் விரதம் புடிச்சுட்டேன். ரெண்டு வாரமாச் செவ்வாக்கெழம பச்சத்தண்ணிதான். நீங்க ஒரு மணி வரைக்கும்னு சொன்னீங்க, நான் புள்ளைக்காகன்னு பொழுது முச்சூடும் இருந்துட்டேன். பழக்கமில்லாத ஒடம்புங்களா, நேத்துச் சாயங்காலம் கெணத்தடியில கண்ணு இருட்டிட்டு வந்துருச்சு. இன்னும் தெளியல. ரெண்டு தாய்ங்க சேந்து இருந்தா சாமி எறங்காமயா போயிரும்?' கமலவேணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பீரோ இரண்டடி தூரத்தில் இருந்தது. அவள் சொன்ன பொய்க்கு ஒரு பொம்பளை பெருந்துறையில் சோறு இல்லாமல் கிணற்றடியில் கண் இருட்டி நின்றிருக்கிறாள். தான் அந்த இரண்டு செவ்வாயும் ஒரு மணிக்கு நெய் ஊற்றிப் பன்னீர் வதக்கித் தின்றோமே என்று நினைத்தபோது வெட்கத்தில் உடம்பு கூசிற்று. இதற்கு மேல் பொய் சொல்ல முடியாது. பயம் போகவில்லை, பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் முடியாது. திரும்பி வந்து வசந்தாமணியின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். 'அக்கா, எனக்குச் சக்கரைங்க.'

'என்னதுங்க?'

'சக்கரை வியாதிங்க. தோசமுமில்ல, விரதமுமில்ல. ஒரு மணிக்கு முன்னால நான் சாப்பிடக் கூடாது, அரிசி, சக்கரை எதையும் தொடக் கூடாது. அது வைத்தியமுங்க. உங்ககிட்டச் சொன்னாப் பொண்ணு வேண்டாம்னுருவீங்கன்னு பயந்து வாய்க்கு வந்தது சொல்லிப்போட்டேன்.' பிறகு நிறுத்த முடியவில்லை. ஜோதிமணியின் விரல், பாதம், தரகர், உள் ரூம் கதவு, மூன்று மாசமாகச் சோற்றைக் கனவில் கண்டது, கால் எரிச்சல் போனது, ஊசி வேண்டாமென்று டாக்டரம்மா சொன்னது, எல்லாம் அடி முதல் நுனி வரை கொட்டிவிட்டாள். கொட்டக் கொட்ட நெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. கேட்கக் கேட்க வசந்தாமணியின் முகம் சிவந்துகொண்டு வந்தது.

'சாமி பேரச் சொல்லியா பொய் சொல்லுவாங்க?' என்றாள் கடைசியில். குரல் கடுமையாக இருந்தது. கமலவேணி தலையைக் குனிந்துகொண்டாள். 'என்ற வீட்டுக்காரர்கிட்டயும் அவரு அண்ணன்கிட்டயும் நான் எத்தன பேச்சு வாங்கியிருக்கறேன் தெரியுமா உங்களுக்கு? அந்தப் பையன் ராத்திரி தூங்கறதில்ல.' அடுத்த பேச்சு வருவதற்குள் கமலவேணி மகளை இழந்தாள், வெளியூரில் யாருக்கோ கட்டிக்கொடுத்தாள், உள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது வசந்தாமணி, 'ஏனுங்க அம்மிணி' என்றாள். 'அப்ப நான் ரெண்டு செவ்வாக்கெழம பட்டினி கெடந்தது உங்க சக்கரைக்கா?'

கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். வசந்தாமணியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்க இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, தலையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். கமலவேணிக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே சாய்ந்துவிட்டாள். 'எனக்குக் கோவம்தானுங்க, இல்லேங்கல' என்றாள் வசந்தாமணி மூச்சு வாங்கிக்கொண்டு. 'ஆனா எம்பையன் உசுருக்கு ஒண்ணுமில்லேங்கற சந்தோசத்துல அந்தக் கோவம் நிக்க மாட்டீங்குது. சக்கரைதானுங்களே. கட்டுக்குள்ள வச்சிருக்கறீங்க, பேரன் பேத்தி பாக்கற வரைக்கும் வச்சிருங்க. உங்க அக்காள மொதல்ல அந்த ரூம உட்டு வெளிய வரச் சொல்லுங்க, கல்யாணத்துக்கு முன்வரிசையில வந்து உக்காரோணும்.' கமலவேணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அக்காவை எப்படிக் கூப்பிடுவது, வண்டி வைத்துத்தான் கூட்டிவர வேண்டும், பட்டுச் சேலை எடுக்க வேண்டும், மனசு ஒரு நிமிசத்தில் எங்கெங்கோ ஓடிற்று. இத்தனை நாளாகப் பயத்தைத் தவிர வேறு பக்கம் திரும்பாத மனசு.

'அடுப்புல என்ன வாசம் அது? பசி காதை அடைக்குது' என்றாள் வசந்தாமணி. கமலவேணி பதறி எழுந்தாள். சோறு இல்லை. மாவு அண்டா அண்டாவாக இருக்கிறது, ஆனால் சென்னியப்பனுக்கு டிபன் கட்டி அனுப்பியதோடு சரி, வீட்டில் ஒரு பருக்கை சோறு கிடையாது. 'பழைய மாவு இருக்குதுங்க்கா, ரெண்டு தோசை ஊத்தறேன்.' 'உங்களுக்கு என்ன வச்சிருக்கறீங்க?' 'முட்டைக்கோசும் முட்டையுமுங்க. நெய்யில.' 'அதையே எனக்கும் வைங்க.' கமலவேணி அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் நின்றாள். பேசி முடிக்காத வீட்டில் சம்பந்தம் பேசுகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், பலகாரம் தின்பார்கள், உட்கார்ந்து கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் முடிந்துவிட்டது என்று அர்த்தம், பிறகு பேச்சு மாற முடியாது. 'அக்கா, கை நனைக்கறீங்களா?' என்று பயந்துகொண்டே கேட்டாள். வசந்தாமணி அதற்குள் குழாயடிக்குப் போய்விட்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டே, 'நனைக்காமப் போனா எம்பையன் என்னைய ஊட்டுக்குள்ள உட மாட்டானுங்க' என்றாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கமலவேணி கோசை வதக்கி முட்டை ஊற்றித் தட்டில் வைத்ததும் அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றாள், விழுங்கினாள், உப்பு ஒரு கல் தூக்கல் என்றாள். பிறகு இடது கையை நீட்டினாள். 'உங்க போனக் குடுங்க. அந்தப் புள்ளைக்குப் போட்டுக் குடுங்க.'

கமலவேணி சிந்துஜாவின் பெயரை அழுத்திக் கொடுத்தாள். அழைப்பு வெகுநேரம் போயிற்று. பிறகு, 'என்னம்மா?' என்று சிந்துஜாவின் வறண்ட குரல் கேட்டது. வசந்தாமணி வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

'அம்மா இல்ல கண்ணு, அத்தை பேசறேன். சாப்ட்டயா?'